ரீஜனலா, பஸ்ஸா, ஐசிஇயா: பெர்லின் மாணவரின் பயணக் கணக்கு

பெர்லினில் முதுநிலை படித்த காலத்தில் ஊர் சுற்ற எனக்கு மூன்று வழிகள் இருந்தன. கையில் உள்ள செமஸ்டர் டிக்கெட்டில் ஊர் ஊராக நின்று போகும் ரீஜனல் ரயில், நெடுந்தூர பஸ், முன்கூட்டியே பதிவு செய்த ஐசிஇ என்ற அதிவேக ரயில். எது மலிவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நானும் கேட்டேன். ஒரு செமஸ்டர் போனதும் என் கேள்வி மாறிவிட்டது: திரும்பி வந்த மறுநாள் காலை எட்டு மணி வகுப்பில் கண் திறந்து உட்கார முடியுமா?

முதலில் ரீஜனல். 2024 கோடை செமஸ்டரிலிருந்து பெர்லின் மாணவர்களின் செமஸ்டர் டிக்கெட், நாடு முழுக்க உள்ளூர், ரீஜனல் வண்டிகளில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டாக மாறியது. பொது விலையில் 60 சதவீதம் நமக்கு. பொது விலை 49 யூரோவாக இருந்தபோது மாதம் 29.40, அது 58 ஆன பிறகு 34.80. 2026 ஜனவரியில் பொது விலை 63 ஆகிவிட்டது. ஆறு மாதத் தொகையையும் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே கட்டிவிடுகிறோம். இந்த டிக்கெட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே கட்டிய பணம் என்பதால் ஒவ்வொரு தடவையும் போகலாமா வேண்டாமா என்று மனசுக்குள் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நவம்பரில் வந்து இறங்கிய ஒரு மாணவருக்குப் புரியும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும். நாலு மணிக்கே இருட்டிவிடும். அறைக்குள் அடைந்து கிடந்தால் மனசு சோர்ந்துபோகும். அப்படிப்பட்ட ஒரு காலையில் ரொட்டியைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரோஸ்டாக் வண்டியில் ஏறி, அங்கிருந்து எஸ்-பான் என்ற நகர ரயிலைப் பிடித்து வார்னமுண்டே கடற்கரையில் நின்றேன். போக மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். கடலை ஒரு மணி நேரம்தான் பார்த்தேன். முன்பதிவு இல்லை, யாரிடமும் கேட்கவில்லை. மழை வலுத்திருந்தால் பாதி வழியிலேயே இறங்கித் திரும்பியிருப்பேன். பஸ்ஸும் ஐசிஇயும் இந்தச் சுதந்திரத்தைத் தராது. கோடையில் மட்டும் அந்த வண்டியில் சைக்கிள்களுக்கு நடுவே நின்றுகொண்டு போகத் தயாராக இருக்க வேண்டும்.

தூரம் கூடக் கூட ரீஜனல் தடுமாறத் தொடங்கும். டிரெஸ்டனுக்கு எல்ஸ்டர்வெர்டாவில் மாறிப் போனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம், நேரடி விரைவு ரயிலில் சுமார் இரண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் காசு கொடுக்க மாட்டேன். மியூனிக் அப்படியில்லை. ரீஜனலிலேயே போனால் ஒன்பது, பத்து மணி நேரம், மூன்று நான்கு இடங்களில் மாற வேண்டும். ஒரு வண்டி பத்து நிமிடம் தாமதமானாலும் அடுத்த இணைப்பு போய்விடும். அப்படித்தான் ஒருமுறை இரவு பதினொன்றரைக்கு ஒரு சின்னச் சந்திப்பு நிலையத்தில் கடைசி வண்டியைத் தவறவிட்டேன். காத்திருப்பு அறை பூட்டியிருந்தது. விடியும்வரை நடைமேடையில் உலாத்தினேன். மாலை ஆறு மணிக்குப் பிறகு இரண்டு மாற்றங்களுக்கு மேல் உள்ள ரீஜனல் பயணத்தை அன்றோடு விட்டேன்.

இதே டிக்கெட்டோடு ஐசி, ஐசிஇ, இசி என்ற நெடுந்தூர விரைவு வண்டிகளில் ஏறிவிடாதீர்கள். அங்கே இது செல்லாது. பரிசோதகரிடம் மாட்டினால் குறைந்தது 60 யூரோ போகும்.

நெடுந்தூர பஸ் இந்த நாட்டில் பழைய விஷயம் அல்ல. 2013 ஜனவரியில்தான் சந்தை திறந்துவிடப்பட்டது. ஃபிளிக்ஸ்பஸ் என்ற நிறுவனத்தின் பஸ்கள் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அவசரமாகக் கடைசி நேரத்தில் முடிவெடுப்பவருக்கு மூன்றில் இதுவே பெரும்பாலும் கட்டுப்படியாகும். மாறாமல் ஒரே இருக்கையில் போகலாம், பெரிய பெட்டியைக் கீழே வைக்கலாம். அறை மாற்றும்போது எனக்கு இதுதான் உதவியது. ராத்திரி வண்டியில் போனால் ஒரு நாள் விடுதிக் காசு மிச்சம் என்பார்கள். ஆனால் பஸ்ஸில் தூங்குவது தூக்கமே அல்ல. இரண்டு முறை செய்துபார்த்தேன், இரண்டு முறையும் மறுநாள் பாதி வீணாயிற்று. தேர்வு வாரத்துக்கு முன் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, பஸ் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்காக ஐரோப்பிய விதிகளில் இழப்பீடு கிடையாது. 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் புறப்படவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அவ்வளவுதான்.

ரயிலில் ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இது தேவைப்படும் நாட்கள் வரத்தான் செய்யும்: 2024இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தையெல்லாம் சரியான நேரமாகக் கணக்கிட்ட பிறகு. முன்கூட்டியே வாங்கும் ஐசிஇ மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகச் சேரும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு நீங்கிவிடும், வேறு வண்டியில் ஏறலாம். புதிதாக வருபவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

பெர்லின்–மியூனிக் தூரத்தை ஐசிஇ சுமார் நான்கு மணி நேரத்தில் கடக்கும். பஸ்ஸுக்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். மிச்சமாகும் நேரத்தைப் பார்ட் டைம் சம்பளத்தால் பெருக்கி ஐசிஇதான் லாபம் என்று நண்பர்கள் வாதிடுவார்கள். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ, கணக்கும் சரியாகத்தான் வரும். ஆனால் அன்றைக்கு வேலை ஷிஃப்ட் இருந்தால்தானே அது காசு? ஞாயிறு மாலை சும்மா இருக்கும் நேரத்தை யாரும் வாங்க மாட்டார்கள். மறுநாள் தேர்வோ வேலையோ இருந்தால் ஐசிஇ, அதையும் தேதி தெரிந்த அன்றே பதிவு செய்வது. 27 வயதுக்குள் இருந்தால் இளையோருக்கான பான்கார்டு 25 என்ற ரயில் தள்ளுபடி அட்டை, டிக்கெட் விலையில் கால் பங்கைக் குறைக்கும். வாங்கிய அன்றே அதை ரத்து செய்யவும் எழுதி அனுப்பிவிடுங்கள். ஓராண்டுக்கு அது செல்லும், ஆனால் சொல்லாமல் விட்டால் தானாகப் புதுப்பித்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கும் பில் வரும்.

செக் நாட்டின் பிராகுக்குப் போனால் மட்டும் நான் யோசிப்பதே இல்லை, பஸ்தான். ரயிலும் பஸ்ஸும் நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது. திரும்பும் வழியில் பஸ் நிற்கும், போலீஸ் ஏறும், விளக்கு எரியும். ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை மட்டும் போதாது, கூடவே பாஸ்போர்ட்டும் அசலாக இருக்க வேண்டும். எனக்கு முன் இருக்கையில் இருந்த மாணவர் பாஸ்போர்ட்டின் படத்தை மட்டும் போனில் வைத்திருந்தார். பையோடு கீழே இறக்கினார்கள். நாங்கள் நாற்பது பேரும் அரை மணி நேரம் இருட்டில் காத்திருந்தோம். கடைசியில் அவரும் வந்து ஏறினார். பெர்லின் வரும்வரை அவர் யாரோடும் பேசவில்லை.