பீப்பாயா, ஸ்டீல் தொட்டியா? இரண்டு சோவின்யோன் பிளாங்

சோவின்யோன் பிளாங் (ஒரு வெள்ளைத் திராட்சை ரகம்; அதில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர்) என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நியூசிலாந்தின் மார்ல்பரோ பாணிதான்: ஸ்டீல் தொட்டியில் குளிர வைத்து நொதிக்கவிட்டு, சில மாதங்களில் பாட்டிலில் அடைத்த ஒயின். வெட்டிய புல், குடைமிளகாய், பேஷன் ஃப்ரூட் என்று வாசனை மூக்கில் ஏறும். புளிப்பு சுள்ளென்று இருக்கும். 8 டிகிரி செல்சியஸில் ஊற்றி, ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டியதுதான். அந்தப் பழ வாசனையைத் தரும் தையால் சேர்மங்கள் ஆக்சிஜன் பட்டால் சீக்கிரம் மங்கிவிடும்.

ஓக் மரப் பீப்பாயில் வளர்ந்தது வேறு ரகம், என் ஓட்டும் அதற்கே. பிரான்ஸில், போர்டோவின் பெஸாக்-லியோன்யான் பகுதியில் இதை 225 லிட்டர் பீப்பாயில், பெரும்பாலும் செமியோன் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையோடு கலந்து செய்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் மொண்டாவி 1968-இல் இப்படிப்பட்ட ஒயினுக்கு ஃப்யூமே பிளாங் என்று பெயர் வைத்தார். லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஓக் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அது இன்று சோவின்யோன் பிளாங்குக்கு மறுபெயர் மட்டுமே. பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் வரும் புய்யி-ஃப்யூமேயையும் அப்படி நம்ப வேண்டாம். அது ஊர் சார்ந்த பெயர், பீப்பாய்க்கு உத்தரவாதம் இல்லை.

புதுப் பீப்பாய் வனிலா, தேங்காய், லேசான புகை வாசனை தரும். மூன்று நான்கு முறை பயன்பட்ட பீப்பாயில் அது அநேகமாக இராது. அடியில் படியும் ஈஸ்ட் வண்டலை அவ்வப்போது கலக்கிவிடுவதால் ஒயினுக்கு ஒரு வழவழப்பு சேரும்.

இரண்டில் எது உங்களுக்கு என்பதைத் தீர்மானிப்பது விலையோ பெயரோ அல்ல, வெப்பநிலை. பீப்பாய் ஒயினைப் பிடிக்கவில்லை என்பவர்களில் பாதிப் பேர் அதைச் சில்லென்று குடித்தவர்களாக இருப்பார்கள். 5 டிகிரியில் வாசனை ஆவியாக எழாது. மரத்தின் கசப்பும் துவர்ப்பும் மட்டும் தூக்கலாகத் தெரியும். 11 முதல் 13 டிகிரிதான் இதற்குச் சரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். வெக்கையான அறையென்றால் கால் மணி நேரம் போதும். குறுகிய கிளாஸ் வேண்டாம், வயிறு அகன்றது வேண்டும்; மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஒரு வாய் குடியுங்கள். அதே கிளாஸை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகருங்கள். முதலில் மரம், பிறகு எலுமிச்சைத் தோல், கடைசியில் பழுத்த பழத்தோடு வறுத்த கொட்டையின் சாயல் என்று வந்தால் நல்ல ஒயின். 13 டிகிரியிலும் வனிலா மட்டுமே முன்னால் நின்று, விழுங்கிய பிறகு மரத்தூள் மென்றது போல நாக்கு வறண்டால், பீப்பாய் திராட்சையை அமுக்கிவிட்டது என்று பொருள், காத்திருந்தும் பயனில்லை.

தீக்குச்சி உரசியது போன்ற நெடி வந்தால் பயப்படாதீர்கள். அது கந்தகச் சேர்மம், கிளாஸைச் சுழற்றினால் பெரும்பாலும் தணியும். அடிபட்ட ஆப்பிள் வாசனை வந்தால்தான் ஆக்சிஜன் உள்ளே புகுந்திருக்கிறது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பீப்பாய் ஒயின் இயல்பாகவே சற்று அடர் மஞ்சள்.

திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் பீப்பாய் ஒயின் சுமார் மூன்று நாள் தாங்கும், ஸ்டீல் ஒயின் இரண்டாம் நாளே சோர்ந்துவிடும். இந்தக் கணக்கு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

வெயில் நேரத்தில், பத்துப் பேர் கூடியிருக்க, ஐஸ் வாளியிலிருந்து எடுத்து உடனே ஊற்றியாக வேண்டுமென்றால் மட்டும் ஸ்டீலுக்குப் போங்கள். அங்கே அரை மணி நேரம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.