சிகாகோ குற்றத் தரவுத் தளம்: கூட்டிப் பார்ப்பவர்களுக்கும் துருவிப் பார்ப்பவர்களுக்கும்

சிகாகோ நகராட்சியின் டேட்டா போர்ட்டலில் உள்ள 'குற்றங்கள்: 2001 முதல் இன்றுவரை' என்ற தொகுப்பு, அமெரிக்க நகரங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கும் போலீஸ் தரவுகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. எண்பது லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள், 22 நெடுவரிசைகள், தினமும் புதுப்பிப்பு. லாகின் வேண்டாம், கட்டணம் இல்லை. இவ்வளவு தாராளமாகத் தருகிறார்களே என்று அப்படியே கூட்டிப் பார்ப்பவர்கள் தப்பான முடிவோடுதான் திரும்புவார்கள். தரவில் பொய் இல்லை. போலீஸ்காரர் எழுதிவைத்த புகார்ப் பதிவை ஊர் நிலவரம் என்று படிப்பதில்தான் வில்லங்கம்.

முதலில் திறப்பதிலேயே வரும் தொல்லைகள். முழுத் தொகுப்பையும் இறக்கி எக்செல்லில் திறந்தால் 10,48,576-ஆவது வரியோடு நின்றுவிடும். மிச்சம் எழுபது லட்சம் பதிவுகள் காணாமல் போகும். போர்ட்டலிலேயே ஆண்டை வடிகட்டிக்கொண்டு இறக்குங்கள். அண்மை ஆண்டுகளில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் பதிவுகள்தான், எக்செல் தாங்கும். ஏபிஐ வழியாக, அதாவது நிரல் எழுதித் தரவை நேரே எடுப்பவர்களுக்கு வேறு பொறி: எத்தனை பதிவு வேண்டும் என்று சொல்லாவிட்டால் ஆயிரத்தோடு நிறுத்திவிடும், எச்சரிக்கையும் தராது. 'எங்கள் பேட்டையில் சரியாக ஆயிரம் திருட்டு' என்று யாராவது எழுதியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது முன்பூஜ்யம். குற்ற வகைக்கான ஐ.யூ.சி.ஆர் குறியீடு நான்கு இலக்கம். முதல்தரக் கொலைக்கு 0110. எக்செல் அதை 110 ஆக்கிவிடும். அப்புறம் நகராட்சியே தரும் குறியீட்டு அட்டவணையோடு இணைத்தால் பாதி பொருந்தாது. பூஜ்யத்தில் தொடங்குபவற்றில் 041A மாதிரி எழுத்து கலந்தவை மட்டும் தப்பிக்கும் என்பதால் பிழை உடனே கண்ணில் படாது. பீட் (போலீஸ் ரோந்துப் பகுதி) எண்ணுக்கும் இதே கதி. 0111 என்பது 111 ஆகி, முதல் இரண்டு இலக்கம் போலீஸ் மாவட்டத்தைக் குறிக்கும் ஒழுங்கு கெட்டுப்போகும். இறக்கும்போதே இந்த இரண்டு நெடுவரிசைகளையும் 'டெக்ஸ்ட்' என்று குறிக்க வேண்டும்.

வீடு பார்க்க இந்த வரைபடத்தைப் புரட்டுகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். முகவரியின் கடைசி இரண்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு '063XX' என்பதுபோல் பிளாக், அதாவது தெருவின் ஒரு துண்டு மட்டுமே வரும். வரைபடப் புள்ளியும் அதே பிளாக்குக்குள் வேண்டுமென்றே நகர்த்தி வைக்கப்பட்டது. புள்ளி எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்கும் சம்பவத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. கடைசி ஏழு நாள் பதிவுகளும் இருக்காது. நேற்று இரவு சைரன் ஏன் ஒலித்தது என்பதற்கு இங்கே பதில் கிடைக்காது.

எண்ணும் முறைதான் பெரிய சமாச்சாரம். கொலை மட்டும் ஆளுக்கு ஒரு பதிவு. மற்றதெல்லாம் சம்பவத்துக்கு ஒரு பதிவு. ஒரே சண்டையில் நான்கு பேருக்கு வெட்டு விழுந்தாலும் ஒரு வரிதான். நகராட்சியின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் (நகர நிர்வாகத்தைக் கண்காணிக்கும் அமைப்பு, போலீஸ் பதவி அல்ல) 2014-இல் வெளியிட்ட தணிக்கையில், தான் எடுத்த மாதிரியில் கடுமையான தாக்குதல் வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையைப் போலீஸ் 24 சதவீதம் குறைவாகக் கணக்கிட்டிருந்ததைக் கண்டுபிடித்தது. ஆளை எண்ண வேண்டிய இடத்தில் சம்பவத்தை எண்ணியதுதான் காரணம். ஆகவே துப்பாக்கிச்சூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தொகுப்பை விட்டுவிட்டு, கொலையானோர் மற்றும் சுடப்பட்டுப் பிழைத்தோர் என்ற தனித் தொகுப்புக்குப் போவது நல்லது. அதில் ஆளுக்கு ஒரு பதிவு. கொலைகள் 1991-இலிருந்து, பிழைத்தவர்கள் 2010-இலிருந்து இருக்கிறார்கள்.

'அரெஸ்ட்' நெடுவரிசையைப் பார்த்துவிட்டுப் போலீஸின் திறமைக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் ஏராளம். கைது ஆனதா இல்லையா என்று மட்டும்தான் அது சொல்கிறது. குற்றப்பத்திரிகை, தண்டனை எதுவும் அதில் தெரியாது. போலீஸ் தன் அறிக்கைகளில் 'தீர்க்கப்பட்ட வழக்கு' என்று சொல்லும் எண்ணும் இதுவும் ஒத்துப்போகாது. சந்தேக நபர் செத்துப்போனாலோ அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்தாலோ கைதே இல்லாமல் வழக்கு தீர்ந்ததாகக் கணக்கில் சேரும். கைது தாமதமாகவும் வரலாம் என்பதால், கடைசி சில மாதங்களின் கைது விகிதம் பழைய ஆண்டுகளைவிட எப்போதும் குறைவாகவே தோன்றும். தேர்தல் சமயத்தில் இந்தப் பிழையை வைத்தே விளம்பரம் ஓட்டிவிடலாம்.

தேதியிலும் கவனம் வேண்டும். சம்பவம் நடந்த தேதி சில சமயம் உத்தேசம்தான் என்று போர்ட்டலே சொல்கிறது. ஜனவரி 1, நள்ளிரவு 12 மணிக்குக் குற்றங்கள் குவிந்து கிடக்கும். புத்தாண்டுக் கொண்டாட்டம் என்று நினைக்க வேண்டாம். அடையாளத் திருட்டு, பல காலம் கழித்துச் சொல்லப்பட்ட பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு நாள் தெரியாதபோது ஆண்டின் முதல் நாளைப் போட்டுவிடுவார்கள். நேரவாரியாக ஆராய்கிறவர்கள் அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிட்டுத் தொடங்க வேண்டும்.

இடவாரி ஒப்பீட்டுக்குப் போலீஸ் மாவட்டத்தை எடுக்காதீர்கள். 2012-இல் 13, 21, 23 ஆகிய மூன்று மாவட்டங்களை மூடி, இப்போது இருப்பவை 22. 50 வார்டுகளின் எல்லையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் மாற்றி வரையப்படுகிறது. 77 சமூகப் பகுதிகள்தான் நிலையானவை. 1920-களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் வகுத்தது, அப்புறம் பெரிதாக மாறவில்லை. ஆனால் 2001, 2002 பதிவுகள் பலவற்றில் அந்த நெடுவரிசை காலி; அட்ச தீர்க்க ரேகையை வைத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று விகிதம் போடும்போது நகரின் வணிக மையமான லூப் பகுதியைத் தனியாக வையுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் நாற்பதாயிரம் சொச்சம். பகலில் வேலைக்கும் கடைகளுக்கும் வருகிறவர்கள் அதைப்போல் பல மடங்கு.

இனி, இதில் இல்லாதவை. டான் ரயன் போன்ற விரைவுச்சாலைகள் இல்லினாய் மாநிலப் போலீஸின் பொறுப்பு. அங்கே நடக்கும் கொலை சிகாகோ போலீஸின் கொலைக் கணக்கில் சேராது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்து, அது நியாயமானது என்று வகைப்படுத்தப்பட்டால் அதுவும் சேராது. குடிமக்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டது இங்கே இருக்கிறது, போலீஸ் குடிமக்களுக்குச் செய்தது இருக்காது.

அப்படியென்றால் இந்தத் தொகுப்பு எதற்கு? என் கணிப்பில் 22 நெடுவரிசைகளில் மதிப்புள்ளது ஒன்றுதான்: வழக்கு எண். போலீஸ் வட்டாரத்தில் ஆர்.டி எண் என்பார்கள். இரண்டு எழுத்து, ஆறு இலக்கம். தேதியையும் பிளாக்கையும் வைத்து இந்த எண்ணைக் கண்டெடுத்துவிட்டால் மற்ற அலுவலகக் கதவுகளை அதைக் காட்டித் தட்டலாம்.

போலீஸ்மீதான புகார்களைப் பார்க்க இரண்டு வழி. கோப்பா எனப்படும் போலீஸ் பொறுப்புடைமைக்கான சிவிலியன் அலுவலகம் 2017 செப்டம்பரில் தொடங்கியது. புகார்களெல்லாம் அங்கேதான் முதலில் பதிவாகும். மிதமிஞ்சிய பலப்பிரயோகம், சட்டவிரோதச் சோதனை, துப்பாக்கிச்சூடு போன்றவற்றைத் தானே விசாரிக்கும். மிச்சம் போலீஸின் உள்விவகாரப் பிரிவுக்குப் போகும். கோப்பாவின் வழக்குத் தரவும் இதே போர்ட்டலில் உண்டு. அதிகாரியின் இனம், வயது, பணியாண்டு எல்லாம் இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. பெயர் வேண்டுமானால் இன்விசிபிள் இன்ஸ்டிட்யூட் என்ற பத்திரிகை அமைப்பு நடத்தும் குடிமக்கள் போலீஸ் தரவுத் திட்டத்துக்குப் போக வேண்டும். புகார்க் கோப்புகள் பொது ஆவணங்களே என்று 2014-இல் இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததால்தான் அந்தத் தளம் பிறந்தது. பழைய கோப்புகளை அழிக்க வேண்டும் என்ற போலீஸ் சங்கத்தின் கோரிக்கையை மாநில உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் நிராகரித்தது. தேடல் வசதி அருமை. ஆனால் தரவு எந்தத் தேதி வரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயரில் புகார் இல்லை என்பதற்கு, தளம் புதுப்பிக்கப்படவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் ஜெனரலின் டாஷ்போர்டுகள் பார்க்க அழகு, கீழிறங்கித் துருவ வழி குறைவு. அந்த அலுவலகத்தின் அறிக்கைகள்தான் படிக்கத்தக்கவை. துப்பாக்கிச் சத்தத்தை ஒலியுணரிகளால் கண்டறிந்து போலீஸை எச்சரிக்கும் ஷாட்ஸ்பாட்டர் பற்றிய 2021 அறிக்கை, 2020 ஜனவரி முதல் 2021 மே வரை வந்த 50,176 எச்சரிக்கைகளில் 9.1 சதவீதத்தில்தான் துப்பாக்கிக் குற்றத்துக்கான தடயம் பதிவானது என்று காட்டியது. 2024 செப்டம்பரில் அந்தச் சேவையை நகரம் நிறுத்தியது.

மற்ற ஆவணங்களுக்கெல்லாம் வழி ஃபோயா, அதாவது இல்லினாயின் தகவல் அறியும் சட்டம். 2014 அக்டோபரில் லக்வான் மெக்டொனால்டு என்ற இளைஞர் போலீஸ் சுட்ட 16 குண்டுகள் பாய்ந்து இறந்தபோது, போலீஸ் காரின் டாஷ்கேம் காணொளி 2015 நவம்பர் வரை வெளிவரவில்லை. பிராண்டன் ஸ்மித் என்ற சுயாதீனப் பத்திரிகையாளர் ஃபோயாவில் கேட்டு, மறுக்கப்பட்டு, வழக்குப் போட்ட பிறகே வந்தது. இப்போதைய நகரக் கொள்கைப்படி இத்தகைய காணொளி 60 நாளில் வெளியாக வேண்டும். 30 நாள் நீட்டிக்கலாம்.

மனு போடும்போது 'இது சம்பந்தமான அனைத்து ஆவணங்களும்' என்று எழுதினால் அளவுமீறிய சுமை என்று தள்ளிவிடுவார்கள். ஆர்.டி எண்ணைக் குறிப்பிட்டு, ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: முதல் சம்பவ அறிக்கை, துணை அறிக்கைகள், பலப்பிரயோகம் நடந்திருந்தால் அதைப் பற்றி அதிகாரி எழுதும் டி.ஆர்.ஆர் அறிக்கை. 911 அழைப்பின் ஒலிப்பதிவு போலீஸிடம் கேட்டால் கிடைக்காது, அது ஓ.இ.எம்.சி என்ற அவசரகால மேலாண்மைத் துறையிடம் இருக்கும், தனி மனு. கோப்பாவுக்கும் தனி மனு. உடல்கேமராப் பதிவை 90 நாள்தான் வைத்திருப்பார்கள். புகார், கைது, பலப்பிரயோகம் போன்ற காரணத்தால் தனியாகக் குறித்துவைக்கப்பட்டிருந்தால் இரண்டு ஆண்டு. உங்களுக்கே நடந்த விஷயமானால் 90 நாள் முடிவதற்குள் புகாரைப் பதிவுசெய்துவிடுங்கள். காணொளி தப்பிக்க அதுவே வழி.

பதிலுக்குக் கெடு ஐந்து வேலை நாள், கூடுதலாக ஐந்து வேலை நாள் நீட்டிக்கலாம். முதல் 50 பக்கம் இலவசம், அதற்குமேல் பக்கத்துக்கு 15 சென்ட் வரை. கெடு தவறிவிட்டால் அந்தத் துறை அப்புறம் கட்டணம் கேட்கவும் முடியாது, சுமை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. எனவே மனு அனுப்பிய தேதிக்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். மறுத்தால் 60 நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் கீழுள்ள பொது அணுகல் ஆலோசகரிடம் முறையிடலாம். செலவில்லை, ஆனால் ஆறப்போட்டுவிடுவார்கள். அவசரமென்றால் நேரே சர்க்யூட் கோர்ட் எனும் விசாரணை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஜெயித்தால் வக்கீல் செலவை அரசுத் துறை தர வேண்டும் என்பதால், முன்பணம் வாங்காமல் இந்த வழக்கை எடுக்கும் வக்கீல்கள் சிகாகோவில் இருக்கிறார்கள்.