பள்ளி மூடிய இரவே விமானமா, நாலு நாள் கழித்தா?

துபாயில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வீடு குரோம்பேட்டை. டிசம்பர் பிறந்தாலே எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேச்சு ஒன்றுதான்: "எப்ப கிளம்பறே?" கடந்த மூன்று வருஷமும் மூன்று விதமாகக் கிளம்பிப் பார்த்துவிட்டேன். 2023இல் பள்ளி மூடிய இரவே சென்னை. 2024இல் நாலு நாள் ஜார்ஜியா, அப்புறம் சென்னை. 2025இல் நாலு நாள் துபாய் அறையிலேயே சும்மா கிடந்துவிட்டுச் சென்னை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரைநாள். ஆகவே டிசம்பர் லீவும் பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை மதியத்தில்தான் தொடங்கும். மதியத்துக்குள் பள்ளி காலி. இரவு விமானம் பிடித்தால் நாலு மணி நேரப் பயணம், ஒன்றரை மணி நேரக் கடிகார வித்தியாசம். மூன்றரை மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கிவிடலாம். பேப்பரில் பார்த்தால் ஒரு நாள்கூட வீணாகாத திட்டம்.

2023 டிசம்பர் 8 இரவு அப்படித்தான் ஏறினேன். மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. 4ஆம் தேதி விமான நிலையத்தையே மூடியிருந்தார்கள். கொஞ்சம் முன்னால் லீவு விட்டிருந்தால் நானும் மாட்டியிருப்பேன். அப்பா ஆட்டோவோடு நின்றார். விடியற்காலை ஜிஎஸ்டி சாலையில் ஈர மண் வாடை. வீட்டில் அம்மா காபிக்கு டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். எங்கள் தெருவுக்குப் பால் இன்னும் ஒழுங்காக வந்தபாடில்லை. பெட்டியைத் திறந்து, பக்கத்து வீட்டுக்கென்று வாங்கி வந்த நிடோ டப்பாவை உடைத்தேன். பால் பவுடர் காபி. அன்றைக்கு அது தேவாமிர்தம்தான், பொய் சொல்லவில்லை.

விடியற்காலை இறங்குவதில் ஒரு பொறி இருக்கிறது, அது பிறகுதான் தெரிந்தது. குளித்து முடித்தால் மணி ஏழு. "வந்தாச்சாமே!" என்று எட்டு மணிக்கு முதல் ஆள். தூங்காத கண்ணோடு மதியம் வரை சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் தங்கை வந்தாள், எட்டாம் வகுப்புப் பிள்ளையோடும் அவன் கணக்குப் புத்தகத்தோடும். புயலால் அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போயிருந்தது. "பெரியம்மா, ஒரே ஒரு டவுட்டு." ஒன்று ஒன்பதானது. மறுநாள் கீழ்வீட்டுப் பெண் வந்தாள், அதற்கடுத்த நாள் அவள் தோழி. மூன்றாவது நாள் எங்கள் கூடத்தில் நாலு பிள்ளைகள், அலமாரிக் கதவில் சாக்பீஸால் முக்கோணம். லீவுக்கு வந்த டீச்சர் இலவச டியூஷன் எடுக்கிறாள்! வாரக் கடைசியில் தொண்டை கட்டி, பேச்சே வரவில்லை. செப்டம்பரிலிருந்து கத்திய தொண்டை அது.

குறை மட்டும் சொல்லக் கூடாது. அந்த வருஷம் அப்பா அம்மா ஒரு புயலை இரண்டு பேராகவே கடந்திருந்தார்கள். அந்தக் காலையில் நான் அங்கே இருந்ததற்கு விலையே கிடையாது. ஆனால் டிக்கெட்டுக்கு விலை உண்டு: வெள்ளி இரவுக்கு நான் கொடுத்ததில், செவ்வாய்க்கிழமைக்குப் போட்டிருந்தால் ஐந்நூறு திர்ஹாம் மிஞ்சியிருக்கும்.

ஜார்ஜியா கதை சின்னதுதான். அமீரக ரெசிடென்ஸ் இருந்தால் அந்த நாட்டுக்கு விசா வேண்டாம், நேரமும் துபாய் நேரமேதான். அதனால் வளைகுடா டீச்சர்களுக்கு அது ஊட்டி மாதிரி ஆகிவிட்டது. 2024 டிசம்பர் 13 மூடினார்கள். இரண்டு மலையாளி டீச்சர்கள், திருச்சிக்காரி ஒருத்தி, நான். தலைநகர் திபிலிசியில் அப்போது நாடாளுமன்றத்துக்கு முன்னால் மாலைதோறும் போராட்டம். இருட்டியதும் ருஸ்தாவேலி சாலைப் பக்கம் போகாமல் அறைக்குத் திரும்பிவிடுவோம். குடவுரி மலையில் பனி பார்த்தோம், விழுந்தோம், படம் எடுத்தோம். சைவக்காரர்களுக்கு ஒரு தகவல்: லோபியோ என்று மண்சட்டியில் ராஜ்மா தருவார்கள், கையில் கொண்டுபோன புளிக்காய்ச்சலோடு அபாரம். கூட்டாளிகள் நல்லபடி அமைந்தால் மனசுக்கு நல்ல மாற்றம். உடம்புக்கு ஓய்வா என்றால், இல்லை. திரும்பி வந்து துணி துவைத்துப் பெட்டி மாற்றி, சென்னை இறங்கியபோது மார்கழி நாலாம் தேதி.

அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்: "பனியப் பாத்துட்டு வந்தியாக்கும், தீபத்துக்கு நீ இல்ல." அந்த வருஷம் கார்த்திகை தீபம் அதே டிசம்பர் 13. வெள்ளி இரவே கிளம்பியிருந்தாலும் அகல் எல்லாம் அணைந்த பிறகுதான் வந்திருப்பேன். கணக்கு டீச்சரின் இந்தக் கணக்கு அம்மாவிடம் எடுபடவில்லை.

2025இல் டிசம்பர் 5 மூடினார்கள், ஜனவரி 4 வரை லீவு. செவ்வாய் 9ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டேன். வெள்ளி இரவு அல் குசைஸில் எங்கள் கட்டடம் முழுக்க ஒரே சத்தம்: வராந்தாவில் டிராலிப் பெட்டிகளின் சக்கரம், லிஃப்ட், டாக்ஸிக் கதவு. பதினோரு மணிக்கு நின்றுபோனது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பக்கத்து அறைக்காரி மும்பை வழியாகப் போனாள். விமானிகளின் ஓய்வு விதி மாறியதையொட்டி அன்று ஒரே நாளில் இந்தியாவுக்குள் 1,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மும்பையில் பெட்டி மேல் தலை வைத்து இரவைக் கழித்ததாக மெசேஜ் போட்டாள். என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, அதிர்ஷ்டம்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு எழுந்தேன். நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. ஞாயிறு மிச்ச மதிப்பெண்களைப் போர்ட்டலில் ஏற்றிவிட்டு, ஃபிரிட்ஜைக் காலி செய்தேன். திங்கள் தேராவிலிருந்து ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா என்ற படகில் பர்துபாய் போனேன், அவசரமில்லாமல் பேரீச்சம்பழம் பொறுக்கினேன். முப்பது கிலோவை மூன்று தடவை நிறுத்துப் பார்க்க நேரமிருந்தது. செவ்வாய் மாலை விமானம்; இரவு சென்னை. இரவில் இறங்குவதன் சுகம் அப்போதுதான் புரிந்தது: ரசம் சாதம், படுக்கை, யாரும் வர மாட்டார்கள்.

நாலு நாள் நஷ்டமில்லையா என்று கேட்பார்கள். டிசம்பர் முதல் பாதியில் சென்னையில் யார் சும்மா இருக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிவதே 23ஆம் தேதி வாக்கில். அதுவரை அக்கா தங்கை யாரும் அசைய மாட்டார்கள். மியூசிக் அகாதமி சீசன் 15ஆம் தேதிதான் தொடங்கும், மார்கழி 16இல் பிறக்கும். வடகிழக்குப் பருவமழையும் ஒரு கை பார்க்காமல் விடாது. லீவின் முன்பக்க நாட்கள் மலிவு. பின்பக்க நாட்கள்தான் தங்கம். பொங்கலுக்குள் ஓட வேண்டிய எங்களுக்கு, ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் கூடக் கிடைத்தால் அதற்காக லீவின் முன்பக்கத்தில் நாலு நாளை விட்டுக்கொடுக்கலாம்.

பிள்ளையைச் சென்னையில் பாட்டியிடம் விட்டு வேலை பார்க்கும் டீச்சர்கள் எங்கள் பள்ளியிலேயே மூன்று பேர். அவர்களிடம் இந்த அலசலை நீட்டினால் அடிப்பார்கள். முதல் விமானம், எந்த விலையானாலும். வளைகுடாவில் முதல் வருஷம் என்றாலும் அதேதான். அந்த வெள்ளி இரவு வெறிச்சோடிய கட்டடத்தைத் தனியாகத் தாங்க முடியாது. ஜார்ஜியா, வயதும் நட்பும் இருக்கும்போது ஒரு தடவை. எனக்கு இனி நாலு நாள் கழித்துத்தான்.

ஒரு சிக்கல் மட்டும். அம்மாவிடம் "திங்கக்கிழமைதான்மா ஸ்கூல் மூடறாங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். வந்த மறுநாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"அஞ்சாந்தேதியே லீவு விட்டுட்டான்னு வாட்ஸ்அப்ல வந்துதே."

நான் கிளிப்பைத் தேடினேன்.

"நல்லாத் தூங்கினியா?" என்றார். "அம்மாகிட்ட நான் காட்டல."