திருநெல்வேலியிலிருந்து பார்த்தால்: எம்போ, எச்.எவ்.எஸ்.பி., ஐ.சி.ஜி.ஈ.பி.

போன மாதம் முதுதத்துவமாணி முடித்த மாணவி ஒருத்தி வெளிநாட்டு ஆராய்ச்சிப் புலமைப்பரிசில்களுக்கான மூன்று விண்ணப்பப் படிவங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "சேர், மூண்டுக்கும் போடப்போறன். எங்கையாவது ஒண்டு கிடைக்கும்தானே?"

"போடலாம் பிள்ளை. ஆனா மூண்டுபேரும் ஒரே கேள்வியையே கேக்கினம்?" என்று கேட்டேன். அன்று விறாந்தையில் இருந்து பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். (தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம். இது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற எங்கள் திருநெல்வேலி.)

முதலில் எம்போ, அதாவது ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் அமைப்பு. 1964 இல் தொடங்கியது, தலைமையகம் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் இதையும் ஈ.எம்.பி.எல். என்ற ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே குன்றில் இருந்தாலும் வேலை வேறு. எம்போவிடம் ஆராய்ச்சி செய்யும் மேசை கிடையாது. அது ஆளுக்குக் காசு கொடுக்கும், பயிற்சிப் பட்டறை நடத்தும், ஆய்விதழ் வெளியிடும். ஈ.எம்.பி.எல். 1974 இல் வந்தது. அதுதான் ஆய்வுகூடம். ஆறு நகரங்களில் கிளை இருக்கிறது, எந்த நாட்டவரையும் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுக்கும். ஆனால் அங்கே யாரும் வேரூன்ற முடியாது. விஞ்ஞானிகளுக்குக்கூட ஒப்பந்தம் ஒன்பது வருடத்தைத் தாண்டாது என்பது பொது விதி. ஆட்கள் திரும்பத் தங்கள் நாடுகளுக்குப் பரவ வேண்டும் என்பதே நோக்கம். நிரந்தர நியமனம்தான் வாழ்க்கை என்று நம்பும் எங்கள் ஊருக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

எம்போவின் பெரிய கொடை, கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய இரண்டு வருட ஆய்வுப் புலமைப்பரிசில். இதற்கு எந்த நாட்டவரும் போடலாம். அது கேட்பது நீங்கள் எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்பதை. அந்த நகர்வின் ஒரு முனையாவது உறுப்பு நாடாக இருக்க வேண்டும். இலங்கை உறுப்பு நாடில்லை, ஆனாலும் இங்கிருந்து ஜேர்மனிக்கோ பிரான்ஸுக்கோ போகிறவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. இந்தியா 2016 இலிருந்து இணை உறுப்பு நாடு. ஆகவே இந்திய ஆய்வுகூடம் ஒன்றில் நிற்கும் இலங்கையருக்கு இங்கே நிற்பவரைவிட எம்போ கிட்ட இருக்கிறது. முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது இருக்க வேண்டும், பட்டம் முடிந்து வருடங்கள் ஓடியிருக்கக் கூடாது. நான் தவறவிட்டது இந்த இரண்டாவதில்தான். மின்வெட்டுக்கும் விரிவுரைக்கும் நடுவில் கட்டுரையை முடிக்கும்போது காலம் கடந்துவிட்டது.

இன்னொன்று. எங்கள் உயிரியல் வகுப்புகளில் பெண் பிள்ளைகள்தான் கூட. எம்போவின் கொடையில் குழந்தைப் படி உண்டு, சம்பளத்தோடு பிள்ளைப்பேற்று விடுமுறை உண்டு, பகுதிநேரமாகவும் செய்யலாம். 'கலியாணம் முடிஞ்சா ஆராய்ச்சி எங்கை?' என்று கேட்கிற மாமிமாருக்குக் காட்ட வேண்டிய பக்கம் இது.

எச்.எவ்.எஸ்.பி., அதாவது ஹியூமன் ஃப்ரொன்ரியர் சயன்ஸ் புரோகிராம் என்ற சர்வதேச ஆராய்ச்சி நிதித் திட்டம், வேறு சாதி. 1987 இல் வெனிஸில் நடந்த உச்சிமாநாட்டில் யப்பான் முன்வைத்த யோசனை, 1989 இல் திட்டமாகி, ஸ்ட்ராஸ்பூர்க்கில் அலுவலகம் போட்டது. புலமைப்பரிசில் மூன்று வருடம். ஆனால் அது கேட்கும் கேள்வி பொல்லாதது: எதை விட்டுவிட்டு வருகிறாய்? கலாநிதிப் பட்டத்தில் செய்ததையே இன்னும் கொஞ்சம் செய்வதற்குக் காசு இல்லை. துறையை, முறையை மாற்ற வேண்டும். பௌதிகம், இரசாயனம் படித்தவர்கள் உயிரியலுக்குத் தாவுவதற்குத் தனிப் புலமைப்பரிசிலே வைத்திருக்கிறார்கள். குடியுரிமையும் இங்கே கணக்கில் வரும். உறுப்பு நாட்டவர் எந்த நாட்டுக்கும் போகலாம். எங்களைப்போன்றவர்கள் உறுப்பு நாடொன்றுக்குத்தான் போகலாம்.

இங்கே தகுதிகாண் விரிவுரையாளராகக் கற்கை விடுமுறையில் போகிறவருக்கு இது பெரும்பாலும் சரிவராது. நீங்கள் பிணை எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். திரும்பி வந்து அதே பாடத்தைத்தான் படிப்பிக்க வேண்டும். புதுத் துறையைக் கற்று வந்தால் அதைச் செய்ய இங்கே கருவியும் இராது.

ஆனால் எச்.எவ்.எஸ்.பி.யின் ஆராய்ச்சி மானியம் எங்கள் ஆட்கள் கண்டுகொள்ளாத ஒன்று. வெவ்வேறு நாட்டு ஆய்வுகூடங்கள் குழுவாகச் சேர வேண்டும். முதன்மை விண்ணப்பதாரர் உறுப்பு நாட்டில் இருந்தால் போதும், மற்றவர்கள் எங்கேயும் இருக்கலாம். முன்கூட்டிய தரவு கட்டாயமில்லை என்றும் சொல்கிறார்கள், யோசனை புதிதாக இருக்க வேண்டும் என்பதுதான். தரவு எடுக்கவே காசில்லாத ஓர் ஆய்வுகூடத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? டெங்கு நுளம்புகள் நன்னீரில் மட்டும் பெருகும் என்ற நம்பிக்கையை உடைத்த ஆய்வு யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில்தான் நடந்தது. உவர்நீரிலும் குடம்பிகள் வளர்வதை 2011 இல் எங்கள் விலங்கியல் துறையினர் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு பூச்சியின் உடல் உப்பை எப்படித் தாங்கப் பழகுகிறது என்பது மூலக்கூற்று மட்டத்தில் நல்ல கேள்வி. நுளம்பு எங்களிடம், பெரிய கருவி அவர்களிடம். குழு அமைக்க ஒரு கடிதம் எழுதிப் பார்த்தால் குறைந்தா போய்விடும்?

சரி, மூன்றாவது. ஐ.சி.ஜி.ஈ.பி., மரபணுப் பொறியியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்குமான சர்வதேச மையம். ஐக்கிய நாடுகளின் கைத்தொழில் அபிவிருத்தி அமைப்பின் முயற்சியாக 1983 இல் உருவாகி, பிறகு தனித்து நின்றது. ஆய்வுகூடங்கள் இத்தாலியின் ட்ரியெஸ்தே, புதுடில்லி, கேப் டவுன் ஆகிய மூன்று இடங்களில். இங்கே கேள்வி ஒன்றுதான்: உன் நாடு உறுப்பினரா? இலங்கை உறுப்பினர். பெயரில் எம்போவின் பளபளப்பு இல்லை, ஆனால் மூன்றில் எங்கள் கடவுச்சீட்டைப் பார்த்துக் கதவு திறப்பது இது ஒன்றே.

மாணவிக்கு நான் சொன்னதும் இதைத்தான். கலாநிதிப் பட்டம் இன்னும் எடுக்காதவருக்கு எம்போவும் எச்.எவ்.எஸ்.பி.யும் அடுத்த கட்டம். ஐ.சி.ஜி.ஈ.பி.யில் இப்போதே கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் போடலாம். புதுடில்லி மலேரியா ஆராய்ச்சிக்குப் பெயர்போன இடம். இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டாலும், அடுத்த வருடமே மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் 'அனோபிலிஸ் ஸ்டெபென்சி' என்ற புது நுளம்பு அறிக்கையாக வந்தது நினைவிருக்கும். பிறகு யாழ்ப்பாணத்திலும் பிடிபட்டது. படிக்கப் போகிறவளுக்குத் திரும்பி வந்து செய்ய வேலை காத்திருக்கிறது.

திரும்பி வருகிறவர்களையும் இந்த அமைப்பு மறக்கவில்லை என்பதால்தான் எனக்கு அதில் ஒரு சாய்வு. உறுப்பு நாட்டு ஆய்வுகூடங்களுக்கு வருடத்துக்கு 25,000 யூரோ வரை ஆராய்ச்சி மானியம் தருகிறார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பும் இளம் ஆய்வாளருக்கென்று தனிப் பிரிவும் உண்டு. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கு இது சில்லறை. இங்கே அப்படியல்ல. ஒருமுறை கொழும்பிலிருந்து நொதியம் வாங்கினோம், ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். பஸ் வழியில் பழுதாகி விடிந்து பத்து மணிக்குத்தான் வந்தது. திறந்து பார்த்தால் தண்ணீரில் குழாய்கள் மிதக்கின்றன, லேபல் கழன்று எது எதென்று தெரியவில்லை. அந்த நொதியம் இல்லாமல் மூன்று மாதம் பி.சி.ஆர். (டி.என்.ஏ.யைப் பெருக்கும் சோதனை) இல்லை, மாற்றி வாங்க எந்தத் தலைப்பிலும் காசும் இல்லை. 2022 இல் ரூபாய் விழுந்து மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலத்தைத் தொட்டபோது, பிறீசரில் இருந்த மாதிரிகளை ஐஸ் பெட்டியோடு ஜெனரேற்றர் இருந்த வீடொன்றுக்குக் கொண்டு ஓடியதும் உண்டு. கையில் யூரோ இருந்த ஆய்வுகூடம் அந்த வருடத்தை வேறுவிதமாகக் கடந்திருக்கும்.

குறையும் இருக்கிறது. ஹைடல்பேர்க்கில் இரண்டு வருடம் நின்றவருக்குக் கிடைக்கும் தொடர்புகளை ட்ரியெஸ்தேயோ டில்லியோ அப்படியே தந்துவிடாது. எம்போ என்ற பெயர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களுக்கு முன்னே நடந்து போகும். ஆகவே டில்லியில் படித்து, கட்டுரை போட்டு, அங்கிருந்து எம்போவுக்கு ஏறுவதுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நேர்வழி என்பது என் கணக்கு.

அவள் மற்ற இரண்டு படிவங்களையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். போகும்போது ஒன்று சொல்லி அனுப்பினேன். ஐ.சி.ஜி.ஈ.பி. விண்ணப்பத்துக்கு அந்தந்த நாட்டின் தொடர்பு அதிகாரியின் சிபாரிசு கேட்பது வழமை, இதற்குக் கொழும்புக்கு எழுத வேண்டும். கடைசித் திகதிக்கு ஆறு கிழமைக்கு முன்னரே அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை கிழமைக்கு ஒருதரம் போன் எடு பிள்ளை என்றேன்.