ரூ.2,65,000 போயிற்று: புதுச்சேரியில் டர்போ மாற்ற நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

புதுச்சேரியில் ஒரு தொழிற்பேட்டையை ஒட்டி இயங்கும், கார் எஞ்சின்களின் திறனைக் கூட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு பட்டறையில் ரூ.2,65,000 கொடுத்து ஏமாற்றப்பட்டிருக்கிறேன். புகார் கொடுக்கும் வேலை தொடங்கிவிட்டதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. என் காரிலிருந்து கழற்றிய டர்போவை நேற்று மாலைதான் கையில் வாங்கிப் பார்த்தேன்; இதை எழுதும் இந்த நேரம் வரை ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு காருக்கு டர்போவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

என்னுடையது 2017இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230. அதன் 2.0 டிஎஸ்ஐ எஞ்சினுக்கு நிறுவனம் சொல்லும் திறன் 230 பிஎஸ், டார்க் 350 நியூட்டன் மீட்டர். இதில் வருவது ஐஎச்ஐ நிறுவனத்தின் ஐஎஸ் 20 டர்போ. இதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த, அதே தலைமுறை கோல்ஃப் ஆர், ஆடி எஸ் 3 ஆகிய கார்களில் அதைவிடப் பெரிய ஐஎஸ் 38 வந்தது. இரண்டும் சிலிண்டர் ஹெட்டில் ஒரே விதமாகப் பொருந்துவதால், விஆர்எஸ் வைத்திருப்பவர்களில் பலர் இந்த மாற்றத்தைத்தான் நாடுகிறார்கள். சென்னையில் ஏற்கெனவே இன்டேக் (காற்று உள்ளே வரும் குழாய்), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) மாற்றி, ஐஎஸ் 20க்கு ஏற்ற ரீமேப்பும் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி அமைப்பது) செய்து வைத்திருந்தேன். கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலைக்கு அது போதும். சொல்லப்போனால் அந்த நெரிசலில் சீக்கிரம் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கட்டும் சின்ன டர்போதான் ஓட்டுவதற்கு இனிமையானது. ஆனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பொதுமக்களுக்கு ஓட்ட அனுமதிக்கும் நாட்களில் கொண்டுபோய் ஓட்டும்போது, உயர் சுற்றுகளில் ஐஎஸ் 20 மூச்சு வாங்குவது தெளிவாகத் தெரிந்தது. அங்கேதான் பெரிய டர்போவின் தேவை வந்தது.

ஐஎஸ் 38 போட்டால் கீழ்ச் சுற்றுகளில் பூஸ்ட் தாமதமாகத்தான் வரும் என்பதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தேன். பெட்ரோல் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று என்றால் ஏறத்தாழ 10 குதிரைத்திறன் என்ற கணக்கும், ஒவ்வொரு கம்ப்ரஸருக்கும் (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) எவ்வளவு காற்றை எந்த அழுத்த விகிதத்தில் தள்ள முடியும் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று உண்டு என்பதும் தெரிந்துதான் அந்தப் பட்டறைக்குள் போனேன். ஒன்றும் தெரியாதவர்களைத்தான் ஏமாற்றுவார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்; தெரிந்தவரை ஏமாற்றுவதற்கு அவர்களிடம் தனி வழி இருக்கிறது.

அந்த வழி என்ன என்று சொல்கிறேன். நான் ஹைபிரிட் டர்போ பற்றியும் கேட்டேன். பழைய டர்போவின் வெளிக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பெரிய கம்ப்ரஸர் வீலும் புதிய காட்ரிட்ஜும் (அச்சும் பேரிங்கும் அடங்கிய நடுப்பகுதி) போட்டுத் தருவதை அப்படிச் சொல்வார்கள். பட்டறை உரிமையாளர் உடனே மறுத்துவிட்டார். “அது வேணாம் தம்பி. எவன் பேலன்ஸ் பண்ணான், எந்த பேரிங் போட்டான்னு யாருக்குத் தெரியும்? காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவால்ல, ஒரிஜினல் ஐஎஸ் 38யே போட்டுக்கலாம்” என்றார். மலிவானதைத் தள்ளச் சொல்லி, அதற்குச் சரியான தொழில்நுட்பக் காரணத்தையும் சொல்கிற ஒருவரை நம்பாமல் எப்படி இருப்பது? அவர் சொன்னது உண்மையும்கூட. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் பொருள். மயிரிழை எடை வித்தியாசம் இருந்தாலும் பேரிங் தேய்ந்து, வீலின் இறக்கைகள் கூட்டில் உரசும். இதையெல்லாம் பொறுமையாக எனக்கு விளக்கியவர் அவர்தான்.

அதன் பிறகு சீல் உடைக்காத ஒரு பெட்டியை என் முன்னால் திறந்து, உள்ளே இருந்த டர்போவை என் கையில் கொடுத்தார். பெயர்த் தகடு இருந்தது. 06கே என்று தொடங்கும் பாக எண் இருந்தது. படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டேன். டர்போவுக்கு ரூ.1,75,000, ரீமேப்புக்கு ரூ.60,000, வேலைக்கூலி, ஆயில், கூலன்ட், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து ரூ.30,000, ஆக மொத்தம் ரூ.2,65,000 என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். அது பில் இல்லை, வெறும் மதிப்பீட்டுச் சீட்டு. ஜிஎஸ்டி பில்லை வேலை முடிந்ததும் அனுப்புவதாகச் சொன்னார். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

பொருத்தும்போது அருகில் இருக்கிறேன் என்று கேட்டேன். உள்ளே வாடிக்கையாளர்களை விடுவதில்லை, பாதுகாப்பு விதி என்றார்கள். வண்டியை எடுக்கப் போனபோது பழைய டர்போவைக் கேட்டேன். பழைய இரும்பு வண்டியில் போய்விட்டது என்றான் பட்டறைப் பையன். நல்ல நிலையில் இருந்த ஒரு ஐஎஸ் 20, விற்றால் கணிசமான தொகை வரும், அதை எப்படி என்னைக் கேட்காமல் போட்டீர்கள் என்றதற்கு, “விடுங்க தம்பி, அடுத்த சர்வீஸ்ல கழிச்சுக்கலாம்” என்று உரிமையாளர் தோளில் தட்டினார். 400 குதிரைத்திறன் என்று காட்டும் டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம்) வரைபடம் ஒன்றைக் கைப்பேசிக்கு அனுப்பினார். அதில் தேதியும் இல்லை, வெப்பநிலையும் இல்லை, வண்டி எண்ணும் இல்லை. அதே வரைபடத்தை வேறு இரண்டு வாடிக்கையாளர்களின் கார்களுக்கும் உரியதாக அந்தப் பட்டறை போட்டிருப்பதைப் பின்னால் கண்டுபிடித்தேன்.

வண்டி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே சந்தேகம் எழுந்தது. ஐஎஸ் 38க்கு வர வேண்டிய தாமதம் இல்லை. பூஸ்ட் பழையபடி சீக்கிரமாகவே ஏறியது. மேல் சுற்றுகளில் வர வேண்டிய வேகமும் இல்லை. அத்துடன் சைரன் போல ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் வேறு. தொலைபேசியில் கேட்டபோது, பெரிய டர்போ என்றால் சத்தம் இருக்கும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அடங்கிவிடும் என்றார்கள். சத்தம் அடங்கவில்லை, வளர்ந்தது. பிறகு எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி 0299, அதாவது கேட்கும் அளவுக்கு பூஸ்ட் வரவில்லை என்ற பிழைக் குறியீடு. அடுத்து சைலன்ஸரில் நீலப் புகை வந்தது.

இதற்குப் பிறகு அவர்கள் என்னை அலைக்கழித்த விதத்தைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. முதலில் உரிமையாளர் கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றார்கள். அனுப்பிய செய்திகளைப் படித்ததற்கான நீலக் குறி விழும், பதில் வராது. நேரில் போய் நின்றபோது, தரமற்ற ஆயில் ஊற்றியிருப்பீர்கள் என்றார். ஆயிலை ஊற்றியதே அவர்கள்தான், அவர் கைப்பட எழுதிய சீட்டிலேயே அது இருக்கிறது என்று காட்டினேன். உடனே குற்றம் பெட்ரோலின் மேல் போனது. இப்போது வருவதெல்லாம் எத்தனால் கலந்தது, அதனால்தான் டர்போ போகிறது என்றார். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் டர்போவின் பேரிங் தேய்வதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டதற்கு விடை இல்லை. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரேஸ் ஓட்டியிருப்பீர்கள் என்றார். பிறகு, உலகத்தில் எங்கேயும் டர்போவுக்கு வாரண்டி கிடையாது என்றார். கடைசியில், இன்னும் ரூ.90,000 கொடுத்தால் புதிய காட்ரிட்ஜ் போட்டுத் தருவதாகச் சொன்னார். ரூ.2,65,000 வாங்கிக்கொண்டு, அது போதாமல் மேற்கொண்டும் கேட்கிறார்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதும் பேச்சு மாறியது. “சார், நீங்க தமிழ்நாடு, நாங்க பாண்டிச்சேரி. அங்க கேஸ் போட்டா இங்க செல்லாது. அதுவும் இல்லாம மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தெரியும்ல? மாத்தின வண்டின்னு உங்க வண்டியத்தான் முதல்ல பிடிப்பாங்க” என்றார். வாடிக்கையாளரின் வாயை அடைக்க இந்த மிரட்டலைத்தான் தயாராக வைத்திருக்கிறார்கள். வாகனத்தில் மாற்றம் செய்வது பற்றிய கேள்வியை அந்தச் சட்டத்துக்குரிய அதிகாரி கேட்கட்டும், நான் பதில் சொல்கிறேன். அசல் என்று காட்டிய பொருளுக்குக் காசு வாங்கிவிட்டு வேறு பொருளை மாட்டியது அதனால் நியாயமாகிவிடாது. அவர் சொன்ன எல்லைக் கதையும் பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

வண்டியை அங்கே விட மனமில்லாமல், கடலூரில் லாரி டர்போக்களையும் டீசல் பம்புகளையும் பல வருடங்களாகப் பார்த்துவரும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவருக்கு விளம்பரம் கிடையாது, டைனோ கிடையாது. வெர்னியரும் அனுபவமும் உண்டு. டர்போவைக் கழற்றி, அச்சைப் பக்கவாட்டில் அசைத்துக் காட்டினார். வீலின் இறக்கைகள் கூட்டில் உரசிப் பளபளத்தன. பெயர்த் தகடு இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. கம்ப்ரஸர் வீலின் வாய் விட்டத்தை அளந்து, ஐஎஸ் 20, ஐஎஸ் 38 இரண்டின் அளவுகளோடும் ஒப்பிட்டார். அது ஐஎஸ் 20. பிறகு கூட்டைத் துடைத்துவிட்டு, போல்ட்டுகளின் அருகே மங்கிப்போயிருந்த மஞ்சள் பெயின்ட் கோடுகளைக் காட்டி, இது என்ன குறி என்று கேட்டார். சென்னையில் டவுன்பைப் மாற்றியபோது, போல்ட் இறுக்கியதற்கு அடையாளமாக அங்கே போட்ட கோடுகள் அவை. அதன் படம் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு கோடும் அதே இடத்தில் அப்படியே பொருந்துகிறது.

“இது உன் வண்டியோட பழைய டர்போதாம்பா. உள்ள மட்டும் மட்டமான காட்ரிட்ஜ் மாத்தியிருக்காங்க” என்றார் அவர்.

பழைய இரும்பில் போனதாகச் சொன்ன என் சொந்த டர்போவை, எந்த வேலையைச் செய்யவே கூடாது என்று எனக்கு அறிவுரை சொன்னார்களோ அதே வேலையைச் செய்து, பேலன்ஸும் பார்க்காமல், என் வண்டியிலேயே திரும்ப மாட்டி, அதற்கு ரூ.2,65,000 வாங்கியிருக்கிறார்கள். அதற்கு மேல், 400 குதிரைத்திறன் என்ற பேச்சுக்கு ஈடுகட்ட ரீமேப்பில் பூஸ்டை ஏற்றி வைத்திருக்கிறார்கள். சிறிய கம்ப்ரஸரிடம் அதன் வரைபடத்தின் வலது எல்லையைத் தாண்டிக் காற்று கேட்டால், அது காற்றைக் கூடுதலாகத் தருவதில்லை. சூடாக்கித் தருகிறது, தானும் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றுகிறது. வெப்பக் காற்றால் எஞ்சினில் நாக் (எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வரும். அதைத் தவிர்க்க எஞ்சின் கணினி இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும். திறன் இன்னும் குறையும். நல்ல நிலையில் இருந்த டர்போவைக் கெடுத்து, எஞ்சினையும் ஆபத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பெட்டியில் எனக்குக் காட்டிய அந்த அசல் ஐஎஸ் 38 இப்போது வேறு யாருடைய கையிலாவது படம் எடுக்கக் கொடுக்கப்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இன்றிரவு புகார் மனுவை முடிக்க வேண்டியிருப்பதால் முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உச்சத் திறன் என்ன என்று கேட்காதீர்கள். எத்தனை ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் வரும், கம்ப்ரஸர் வரைபடத்தில் உங்கள் எஞ்சின் எங்கே விழும் என்று கேளுங்கள், பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். டர்போவின் தகட்டை மட்டுமல்லாமல், வண்டியில் மாட்டிய பிறகு அது அங்கே இருப்பதையும் படம் எடுங்கள். கூட்டில் நீங்களே ஒரு குறி போடுங்கள், பழைய டர்போவிலும்தான். பழையதை அன்றே கையில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பாக எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். பூஸ்ட், காற்றின் வெப்பநிலை, நாக் மூன்றும் பதிவான லாக் கோப்பைக் கேளுங்கள்; டைனோ வரைபடத்தின் படத்தை ஏற்காதீர்கள். டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்) வண்டி என்றால் கியர்பாக்ஸ் மென்பொருள் பற்றி அவர்களே பேசுகிறார்களா என்று பாருங்கள். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

கழற்றிய டர்போவை யாரும் தொடாதபடி கட்டி, பெரியவர் எழுதித் தந்த அளவுக் குறிப்புடன் வைத்திருக்கிறேன். கடலூர் மாவட்ட ஆணையத்தில் ரூ.2,65,000 தொகையையும், என் ஐஎஸ் 20இன் விலையையும் சேர்த்துக் கேட்கிறேன். அதே தொழிற்பேட்டைப் பக்கம் டர்போ மாற்றிவிட்டு, சத்தம் போகப்போக அடங்கும் என்று சொல்லக் கேட்டுக் காத்திருப்பவர்கள் இருந்தால், இனியும் ஓட்டாதீர்கள்; வேறு இடத்தில் கழற்றி அளந்து பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.