எஸ்.எம்.பி.எஸ். உள்ளே: குரூப் ரெகுலேஷனா, டிசி-டிசியா?

450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) இரண்டைத் திறந்து பார்த்தால் ஃபியூஸ், ஃபில்டர் காயில், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர் வரை அதிக வித்தியாசம் தெரியாது. தரத்தைப் பிரிப்பது டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்த பகுதிதான். அது குரூப் ரெகுலேஷன், டிசி-டிசி என இரண்டு வகை.

குரூப் ரெகுலேஷனில் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் தருகிறது. இரண்டுக்குமான காயில் ஒரே பெரிய வளையத்தில் சுற்றியிருக்கும். பக்கத்தில் உள்ள சிறு வளையம் 3.3 வோல்ட்டுக்கானது. கண்ட்ரோலர் 12, 5 இரண்டையும் கலந்துதான் கண்காணிக்கிறது. அதனால் 12-இல் மட்டும் சுமை ஏறினால் 12 இறங்கும். அதை மீட்கப் போகும்போது சுமையில்லாத 5 ஏறிவிடும். பிராசஸர் 5 வோல்ட்டில் ஓடிய காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 2000-இல் பென்டியம் 4 வந்ததும் பிராசஸர் 12-க்கு மாறியது; கிராஃபிக்ஸ் கார்டும் இன்று அதையே இழுக்கிறது. 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் பிராசஸர் நேர்மாறான சிக்கலைக் கொண்டுவந்தது: ஆழ்ந்த உறக்க நிலையில் 12 வோல்ட்டில் இழுப்பது 0.05 ஆம்பியர் வரை குறையலாம். அப்போது 12 எல்லை மீறி, சில பழைய சப்ளைகள் அணைந்துவிடும். பயாஸில் சி6, சி7 எனும் இந்த உறக்க நிலைகளை நிறுத்தினால் சமாளிக்கலாம்.

டிசி-டிசி வகையில் டிரான்ஸ்ஃபார்மர் தருவது 12 மட்டுமே. செங்குத்தாக நிற்கும் ஒரு சிறு போர்டில் இரண்டு பக் கன்வெர்ட்டர்கள் (வோல்ட்டேஜைக் குறைக்கும் சுற்றுகள்) அதிலிருந்து 5-ஐயும் 3.3-ஐயும் தனித்தனியே உருவாக்குகின்றன. ஒன்றின் சுமை மற்றொன்றை அவ்வளவாக அசைப்பதில்லை.

வாங்கும்முன் லேபிளில் 12 வோல்ட்டுக்கான ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். 450 வாட்டில் 30 ஆம்பியர் என்றால் 360 வாட்தான், பெரும்பாலும் குரூப். 36 ஆம்பியர் என்றால் 432, டிசி-டிசியாக இருக்கும். மலிவு லேபிளை நம்பாமல் சோதிப்பதே நல்லது. மதர்போர்டிலிருந்து கழற்றி, மதர்போர்டு கனெக்டரின் பச்சை ஒயரைக் கறுப்போடு இணைத்து, 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்புகள் மூன்றை 12 வோல்ட் லைனில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். குளிர்ந்த இழை அதிகக் கரண்ட் இழுக்கும். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடலாம். 12 வோல்ட் 11.40-க்குக் கீழே போகக் கூடாது, 5 வோல்ட் 5.25-ஐத் தாண்டக் கூடாது. பல்பு கூடக்கூட ஒன்று இறங்கி மற்றது ஏறினால் அது குரூப்தான்.

பழுதுபார்க்க குரூப்தான் எளிது. ஹீட்சிங்க்கில் உள்ள ஷாட்கி டயோடு, உப்பிய கெப்பாசிட்டர் எல்லாம் சாதாரண சால்டரிங் அயர்னிலேயே மாற்றலாம். டிசி-டிசி போர்டில் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல இயங்கும் டிரான்சிஸ்டர்) பொடியாக இருக்கும், ஹாட் ஏர் வேண்டும். அங்கே 12 வோல்ட் பக்கம் இணைந்த மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேரே 5 வோல்ட் லைனில் பாயும். ஹார்டு டிஸ்க்குக்கு ஆபத்து. எந்த வகையானாலும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 325 முதல் 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் பிடித்து, அந்தக் கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே அரை நிமிடம் வைத்துச் சார்ஜை இறக்கி, மீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு போடுவதென்றால் டிசி-டிசி தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம். கார்டு இல்லாத பழைய பில்லிங் கம்ப்யூட்டரில் நல்ல குரூப் சப்ளை இருந்தால், கெப்பாசிட்டர் மாற்றி ஓட்டலாம்.