கண்ணாடிப் பகுப்பாய்வுக்குச் சுடர் ஒளிமானி: சோடியத்துக்கு நம்பலாம், கால்சியத்துக்கு யோசிக்க வேண்டும்

கண்ணாடியில் உள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளக்க வேண்டியவர்களுக்கு, காற்றும் புரோப்பேனும் கலந்து எரியும் மேசைச் சுடர் ஒளிமானியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கரைசலைச் சுடரில் தெளித்து, அதிலுள்ள தனிமங்கள் உமிழும் ஒளியைக் கொண்டு அவற்றின் அளவைச் சொல்லும் கருவி இது. கண்ணாடியின் முழு வேதி இயைபையும் இதிலேயே அறிந்துவிடலாம் என்று நம்பி வாங்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

மாதிரியைக் கரைக்கும்போதே இது தெரிந்துவிடுகிறது. கண்ணாடித் தூளைப் பிளாட்டினம் புடக்குகையில் இட்டு, ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் பெர்குளோரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால், சிலிக்கா, சிலிக்கன் டெட்ராஃபுளோரைடு வாயுவாக மாறிப் பறந்துவிடும். போரோசிலிகேட் வகையென்றால் போரானும் உடன் போகும். சாளரக் கண்ணாடியின் எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்காதான் என்பதால், அதன் பெரும்பகுதி சுடரை எட்டுவதே இல்லை.

எஞ்சும் கார உலோகங்களை அளப்பதில்தான் கருவியின் அருமை புலப்படுகிறது. சோடியம் 589 நானோமீட்டரிலும் பொட்டாசியம் 766 நானோமீட்டரிலும் பளிச்சென ஒளிர்வதற்கு ஏறத்தாழ 1,900 டிகிரி செல்சியஸ் சுடரே போதும். அதைவிடச் சூடான சுடரில் இவ்வணுக்கள் எளிதில் அயனியாகி, அளவீட்டைக் குழப்பும். 0.1 கிராம் தூளைக் கரைத்து 100 மில்லிலிட்டராக்கி, மேலும் பத்து மடங்கு நீர்த்தால், 14 விழுக்காடு சோடியம் ஆக்சைடு கொண்ட கண்ணாடி லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் சோடியத்தைத் தரும். அந்தச் செறிவில் எண் ஆடாமல் நிற்கிறது, அதை 1.348 ஆல் பெருக்கினால் ஆக்சைடின் அளவு கிடைக்கும். கரைசல்களைக் கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தால் குடுவையின் சோடியமே கசிந்து கலந்துவிடும் என்பதால், பாலிபுரொப்பிலீன் குடுவைகளையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

கால்சியம்தான் சிக்கல். இச்சுடரில் அது பெரும்பாலும் 622 நானோமீட்டர் அருகே, ஹைட்ராக்சைடு மூலக்கூற்றின் பட்டையாகவே ஒளிர்கிறது. சாளரக் கண்ணாடியில் மிகுந்துள்ள சோடியத்தின் மஞ்சள் ஒளி, குறிப்பிட்ட நிறத்தை மட்டும் விடவேண்டிய ஒளி வடிப்பானின் ஓரத்தில் கசிந்து அளவை உயர்த்த, அதே கண்ணாடியின் அலுமினியம் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு அளவைத் தாழ்த்துகிறது. அலுமினியத்துக்கு லாந்தனம் குளோரைடு மருந்து. சோடியத்துக்கோ, ஒப்பிடப் பயன்படும் செறிவு தெரிந்த திட்டக் கரைசல்களிலும் அதே அளவு சோடியத்தைக் கலந்தாக வேண்டும். நான் பயன்படுத்தும் கருவியின் கையேடு கால்சிய வடிப்பானைப் பெருமையாகக் காட்டுகிறதே தவிர, இவற்றில் எதையும் சொல்லவில்லை. அதை ஒரு கடுமையான குறையாகவே கருதுகிறேன்.

தெளிப்பானின் நுண்குழாய் அடைபடாமலிருக்க, ஒவ்வொரு முறையும் தூய நீரை ஓடவிட்டால் போதும். ஆனால் கரைசலில் ஃபுளோரைடு எஞ்சியிருந்தால் கண்ணாடியாலான தெளிப்பறையே அரிக்கப்படும். ஆகவே அமிலப் புகை முற்றிலும் நீங்கும்வரை உலர்த்துவதில் அவசரம் கூடாது.

மருந்துக் குப்பிகளைச் சோதிப்பவர்களுக்கு இக்கருவி இன்னும் பொருத்தமானது. ஐஎஸ்ஓ 4802-2 என்ற பன்னாட்டுத் தர முறைப்படி, குப்பியில் நீர் நிரப்பி 121 டிகிரியில் 60 நிமிடம் ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் வைத்தபின், உட்பரப்பிலிருந்து நீரில் இறங்கிய காரத்தை மட்டுமே அளக்கிறோம். அங்கே பிளாட்டினமும் வேண்டாம், ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் வேண்டாம். அந்தச் சாற்றில், அணுக்கள் அயனியாவதைத் தடுக்கும் சீசியம் குளோரைடைச் சேர்த்துச் சுடருக்குள் செலுத்திவிடலாம்.